பக்கச் சுவர் யன்னல்

யூலை 14, செவ்வாய்

திருவிழாவுக்காக எங்கள் மாதா கோயிலுக்கு வெள்ளையடிக்க, மேசன் இன்று பழைய சாந்தைக் கொத்தினார். முருகைக்கல் சுவரில் இடுப்பளவு உயரத்தில் ஒரு சின்ன யன்னல் வெளியே வந்தது. எப்போதோ கல் வைத்து அடைத்தது. அதைத் திறந்துவிட்டு, பாதர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். திருவிழா மலருக்குக் கோயிலின் வரலாறு எழுதுகிறவள் நான்தானே. காற்று வருவதற்கு வைத்திருப்பார்கள் என்று சொன்னேன்.

மீன் விற்கிற திரேசா அக்கா கூடையோடு நின்றிருந்தார்.

"காத்துக்கில்லை, ரீச்சர். முந்திச் சாதி சொல்லி எங்கட ஆக்களை உள்ளுக்கு விடேல்லை. வெயிலுக்க நிண்டு இதாலதான் பூசை கண்டவை எண்டு அப்பு சொன்னவர்."

கூடையை வைத்துவிட்டுக் குனிந்து உள்ளே பார்த்தார். கனநேரம் நிமிரவில்லை.

"பீடம் தெரியேல்லை. ஒரு மெழுகுதிரிதான் தெரியுது. இதைப் பாக்கவோ அவ்வளவு சனமும் வந்து நிண்டது?"

அப்போது உள்ளே இருந்தவர்கள் என் ஆட்கள்.

"மூடிவிடட்டோ, பாதர்?" என்று மேசன் கேட்டார். பாதர் அக்காவைப் பார்த்தார்.

"மூடவேண்டாம், பாதர். இதடியில இருக்கிறதுக்கு ஒரு வாங்கு போட்டுவிடுங்கோ. நிண்டு களைச்ச சனம்."

பாதரும் மேசனும் உள்ளேயிருந்து ஒரு வாங்கைத் தூக்கிவந்து போட்டார்கள். அக்கா அதில் ஏறி இருந்தார். பிறகு எனக்கும் இடம்விட்டு அரக்கி இருந்தார். நானும் இருந்தேன்.

இதை மலரில் எழுதினால் என் அண்ணை என்ன சொல்வாரோ தெரியாது. எழுதத்தான் போகிறேன்.