வயிற்றில் நீர் எடுத்த ஞாயிற்றுக்கிழமை

என் பிரியமான சாந்தா அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. போன வாரம் ஜொகூர் மாசாயில் உன் வீட்டில் திதி கொடுத்தார்கள். உன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, வந்தவர்களிடமெல்லாம் அத்தான் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆப்ரேஷன் நல்லாதான் முடிஞ்சுச்சு. மக கல்யாணத்துல கூட நல்லாதான் நின்னா. விதி, என்னா செய்ய?" நான் உள்ளே வடை சுட்டுக்கொண்டிருந்தேன். எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்துவிட்டு வெளியே போய்விடலாமா என்றிருந்தது.

விதி என்று சொல்லிவிட்டால் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை, இல்லையா அக்கா? என்னையும் கேட்க வேண்டியதில்லை.

யாமினி பிறந்தபோது போட்ட பழைய தையல் வழியாகக் குடல் பிதுங்கிக்கொண்டு வந்தது. பேக்டரியில் நின்றே வேலை பார்த்துப் பார்த்து அது தேங்காய் அளவுக்கு ஆனபிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாய். குடல் திரும்பவும் பிதுங்காமலிருக்க உள்ளே ஒரு வலை வைத்துத் தைத்தார்கள். வயிற்றிலிருந்து ஒரு குழாய், அதன் நுனியில் ஒரு பாட்டில். அந்தப் பாட்டிலைத் துணிப்பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டே நீ சோறு வடித்தாய். தடுக்க அந்த வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை.

குழாயை எடுத்தபிறகுதான் தோலுக்கு அடியில் நீர் கட்ட ஆரம்பித்தது. இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் ஊசி வைத்து எடுத்தார்கள். ஒரே வாரத்தில் திரும்பவும் ஊறியது. மூன்றாவது தடவை அந்தத் தமிழ் டாக்டர் பெண் எடுக்க மறுத்துவிட்டார்.

"அக்கா, புண்ணு ஆறும்போது ஊறுற தண்ணிதான் இது. மெதுவா உடம்பே இழுத்துக்கும். சும்மா சும்மா ஊசி வச்சா கிருமி உள்ள போயிரும். அந்த வலையில கிருமி புடிச்சா பெரிய ஆபத்து. வயித்துல கட்டுன பெல்ட்ட கழட்டாதீங்க, பாரம் தூக்காதீங்க. காய்ச்சல் வந்தாலோ, தோலு செவந்தாலோ அன்னிக்கே வாங்க."

"எத்தன நாளுல வத்தும் டாக்டர்?"

"மாசக்கணக்குல ஆகலாம் அக்கா."

யாமினி கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

உப்பியிருந்த உன் வயிற்றைப் பார்த்துக் கோயிலில் ஒருத்தி கேட்டாள், "என்னா சாந்தா, இந்த வயசுலயா?" அவளை விடு. மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தபோது உன் புருஷன் என்ன சொன்னார்? "பேரப்பிள்ளைக்கு முன்னாடி எனக்கே ஒண்ணு வந்துரும் போல லா!" எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பிறகு உள்ளே வந்து, இரண்டு கையாலும் வயிற்றை அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாய். தள்ளினால் உள்ளே நீர் தளும்புகிறது என்று என்னிடம் மட்டும் சொன்னாய்.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது, பக்கத்து புளோக் லெட்சுமி உன் அறையில் இருந்தாள். எப்போதோ ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுத்தவள். "எவ்ளோ பாத்துருக்கேன், இது ஒண்ணுமே இல்ல சாந்தா," என்றாள். கையுறை போடவில்லை. ஸ்பிரிட் பஞ்சால் ஒரு தடவை துடைத்துவிட்டு ஊசியை ஏற்றினாள். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆமாம், பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். வெளிர் மஞ்சளாக நீர் வந்துகொண்டே இருந்தது.

எழுந்து கண்ணாடி முன்னால் போய் நின்றாய். "பாத்தியாடி மீனா? எவ்ளோ லேசா இருக்கு!" அப்புறம் என் கையை எடுத்து உன் தலையில் வைக்கப் போனவள், மனம் மாறி, "யாமினி மேல சத்தியம் பண்ணு. யார்கிட்டயும் சொல்லக்கூடாது," என்றாய். செய்தேன். ஏன் அக்கா அப்படிக் கேட்டாய்? தப்பு என்று உனக்கும் தெரிந்திருந்ததா?

கல்யாணத்தன்று கூலாய் மண்டபத்தில் நீலப்பட்டில் நின்றாய். பூ வைத்துவிடும்போது உன் கழுத்து கொதித்தது.

"காய்ச்சலாக்கா?"

"அலுப்புடி. ரெண்டு பனடோல் போட்டுட்டேன். மகளுக்கு தாலி கட்டுற நாளு, நீ வேற."

அப்போதே உன்னைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. போட்டோவுக்குப் போய் நின்றேன். இளைத்துவிட்டாய், அழகாக இருக்கிறாய் என்று எல்லோரும் உன்னைப் புகழ்ந்தார்கள்.

கல்யாணம் முடிந்த நான்காம் நாள் வயிறு சிவந்து, உடம்பு தூக்கிப் போட, அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். வெளியே யாராவது ஊசி வைத்தார்களா என்று டாக்டர் மலாயில் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். "தா அடா, டாக்டர்," என்றேன் நான். இல்லை என்று உனக்காகப் பொய் சொன்னேன். வலையை வெட்டி எடுத்தார்கள். சீழ் வந்தது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒன்பதாம் நாள் நீ போய்விட்டாய்.

உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாயா? பிறகு ஒரு நாள் தனியாகப் போய் அந்தத் தமிழ் டாக்டரிடம் கேட்டேன். "வந்ததே லேட்டுக்கா," என்றார். அது ஆமாமா, இல்லையா?

யாமினி இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. திதி முடிந்து பாத்திரம் கழுவும்போது, "அம்மாவுக்குக் கிருமி எப்படித்தான் போச்சு சித்தி?" என்று கேட்டாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. "எம்மேல சத்தியம் பண்ணிட்டு எங்கம்மாவ சாக விட்டீங்களா?" என்றாள். அன்றிலிருந்து என் போனை எடுப்பதில்லை.

லெட்சுமியும் திதிக்கு வந்திருந்தாள். இரண்டு தடவை பாயசம் வாங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், பிள்ளை பிறந்து ஆப்ரேஷன் தையல் வீங்கியிருக்கிறது என்று சொன்னதும், "ஆஸ்பத்திரில போயி காத்துக் கெடக்காத. வீட்டுக்கு வா, நான் பாக்குறேன்," என்றாள். உன் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு சொன்னாள் அக்கா!

அந்தப் பெண்ணைப் படிக்கட்டில் நிறுத்தி, உனக்கு நடந்ததைச் சொன்னேன். மறுநாளே புருஷனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாளாம்.

அத்தானிடமும் எல்லாவற்றையும் சொல்லி, லெட்சுமி மேல் புகார் கொடுக்கப்போகிறேன் என்றேன். "விடு மீனா. குடும்ப மானம் போயிரும். அவ நல்லது நெனச்சுதான செஞ்சா?"

"அக்கா வயித்தப் பாத்து நீங்க சிரிச்சதும் நல்லது நெனச்சுதானா அத்தான்?" என்றேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். துரத்திப் போய் இன்னும் நாலு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அதே கேள்வி எனக்கும்தானே?

திங்கட்கிழமை லீவு எடுத்திருக்கிறேன். சுகாதார அலுவலகத்துக்குப் போகிறேன். யார் ஊசி வைத்தது, யார் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது, யார் டாக்டரிடம் பொய் சொன்னது, எல்லாவற்றையும் என் பெயர் போட்டே எழுதிக் கொடுப்பேன். உனக்குச் செய்த சத்தியத்தை உடைக்கிறேன். கோபப்படுவாய் என்றால் படு. எனக்கும் உன் மேல் கோபம் இருக்கிறது.

யாமினி என்னை மன்னிப்பாளா, தெரியாது. மன்னிக்காவிட்டாலும், அவள் பிரசவத்தன்று ஆஸ்பத்திரி வாசலில் நான் இருப்பேன். டாக்டர் என்னிடம் எதையாவது கேட்டால், யார் என்னை எப்படிக் கெஞ்சிப் பார்த்தாலும் உள்ளதைச் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் கையை விடாமல் பிடித்திருந்த,
விட்டிருக்க வேண்டிய,
தங்கச்சி மீனா