‘இதர’ என்ற கட்டம்

இந்த வாரம் பெரம்பலூர் மாவட்டத்தை மறுபடியும் இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஆபீஸ் முகவரியையும் பெயர்ப்பலகையையும் மாற்ற வேண்டும் என்று அலமாரியை ஒழித்தபோது, கீழ்த்தட்டின் மூலையிலிருந்து ஒரு காகிதக் கட்டு கைக்கு வந்தது. வெள்ளை நாடாவால் கட்டிய பழுப்பேறிய படிவங்கள். முடிச்சை அவிழ்த்ததும் ஸ்டென்சில் மையின் பழைய வாடை முகத்தில் அடித்தது. கூடவே நீ வந்தாய். முதலில் தெரிந்தது உன் முதுகுதான். சித்திரை வெயிலில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எனக்கு நாலு வீடு முன்னால் வேகவேகமாக நடந்து போகிற முதுகு.

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உன்னிடம் சொல்லாமலே விட்ட ஒன்றை இப்போது எழுதுகிறேன். படிக்க நீ இல்லை என்ற தைரியத்தில்தான் எழுத முடிகிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அரியலூர் முதல் தடவையாகத் தனி மாவட்டமான வருஷம் அது. சட்டமன்றத் தேர்தல் வந்திருந்தது. சென்னையிலிருந்த ஓர் அமைப்பு, அரியலூரில் இருந்த நம் சிறு தொண்டு நிறுவனத்துக்குப் படிவங்களை அனுப்பியது. குடிநீர், சாலை, வேலை, மின்சாரம், பள்ளிக்கூடம் என்று ஐந்து விஷயங்கள். அவற்றில் என்ன செய்ய வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும் என்று ஓட்டுப் போடுகிறவர்களிடம் கேட்க வேண்டும். அதே கேள்விகளை வேட்பாளர்களிடமும் கேட்க வேண்டும். பிறகு பொதுக்கூட்டம் ஒன்று வைத்து, வேட்பாளர்களை மேடையில் உட்கார வைத்து, இரண்டு பதில்களையும் ஊரறியப் படிக்க வேண்டும். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று எல்லோரும் பார்க்கட்டும் என்பது திட்டம். "இது மட்டும் ஒழுங்கா நடந்துச்சுன்னா, ஒருத்தரும் மைக்ல கதை விட முடியாதுடி" என்றாய். குரும்பலூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் பெரம்பலூர் வந்து, அங்கே பஸ் மாறி, நான் ஆபீஸைத் திறக்கும் முன்பே வாசலில் வந்து நிற்பாய்.

அரியலூருக்குக் கிழக்கே அந்த ஊருக்குப் போனது உனக்கு நினைவிருக்கும். சுண்ணாம்புக்கல் எடுத்துவிட்டு எப்போதோ யாரோ அப்படியே விட்டுப்போன குழி, தெருவின் முடிவிலேயே வாயைத் திறந்து கிடந்தது. அடியில் மழைத்தண்ணீர் பச்சையாகத் தேங்கியிருந்தது. அந்தத் தண்ணீரில்தான் ஊர் துணி துவைத்தது. ஆடு மாடும் அங்கேதான் குடித்தன. இரண்டாவது வீட்டில் வளர்மதி இருந்தாள். நம் வயதுதான் இருக்கும். இடுப்பில் கைவைத்துக்கொண்டு நான் படித்த ஐந்து விஷயங்களையும் பொறுமையாகக் கேட்டாள்.

"ரோடும் வேலையும் இருக்கட்டும்மா. அந்தக் குழிக்கு ஒரு வேலி போடச் சொல்லுங்க. எறங்கி ஏற நாலு படி வெட்டச் சொல்லுங்க. கரை பொலபொலன்னு உதிருது. துவைக்கப் போறப்பல்லாம் உசுரு கையில இல்ல."

"படிவத்துல அது இல்லீங்களே" என்றேன் நான்.

"இல்லாட்டி நீங்க எழுதிக்குங்க. எழுதத்தானே வந்துருக்கீங்க?"

நீ சிரித்துவிட்டாய். படிவத்தை என் கையிலிருந்து வாங்கி, கடைசியில் ‘இதர’ என்று ஒரு விரற்கடை அளவுக்கு இருந்த கட்டத்தில், நுணுக்கி நுணுக்கி அவள் சொன்னதை எழுதினாய். அடுத்த வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். அதற்கடுத்த வீட்டிலும். தெரு முடிவதற்குள் உன் எழுத்து கட்டத்தைத் தாண்டி ஓரமெல்லாம் பரவியிருந்தது.

வேட்பாளர்களிடம் அந்தக் கேள்வியையும் நீயே சேர்த்துக் கேட்டாய். ஒருவர், "குவாரி வந்தா வேலை வரும்னு சனங்களே கேக்குதும்மா. இன்னும் நாலு கொண்டாறேன்னு சொல்லியிருக்கேன்" என்றார். ஜெயிப்பார் என்று எல்லோரும் பேசிக்கொண்ட மற்றவர் ஜீப்பில் உட்கார்ந்தபடியே பதில் சொன்னார்.

"குழியில தண்ணி நிக்குது, சனங்க பொழங்குது. வேலி போட்டேன்னா என்னைத்தான் திட்டுவாங்க. வேலியெல்லாம் யாரும் கேக்கல."

"யார்ட்ட கேட்டீங்க சார்?" என்றாய்.

"எங்க ஆளுங்ககிட்டதான். ஊர்ல இருக்கறவங்கதானே அவங்களும்."

அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. அவரிடம் வந்து சேர்ந்த ஊர் அப்படித்தான் இருந்தது.

அடுத்து நடந்தது உனக்குத் தெரியாது. கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, நீ வராத ஒரு நாளில், அவருடைய ஆள் ஒருவர் ஆபீஸுக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "அண்ணன் கண்டிப்பா வருவாருங்க. ஆனா அந்தக் குழி சமாச்சாரம் மட்டும் வேணாம். அதப் படிக்கிறதா இருந்தா அவரால வர முடியாது." அவர் வராவிட்டால் மற்றவரும் வரமாட்டார். நாற்காலிகள் காலியாகக் கிடக்க, நான் யாருக்குப் படிப்பேன்? சாயங்காலம் வரை யோசித்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். டீ ஆறுவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் உன்னிடம், "சென்னையிலேருந்து போன் வந்துச்சு. அஞ்சு விஷயம் மட்டும்தானாம். ‘இதர’வைச் சேர்க்க வேண்டாமாம்" என்றேன்.

"ஏனாம்?"

"தெரியல."

நீ படிவங்களைத் தட்டி அடுக்கினாய். பிறகு நாடாவைச் சுற்றி முடிச்சுப் போட்டாய். நான் சொன்னதை நம்பினாய்.

கூட்டம் நன்றாக நடந்தது. வேட்பாளர்களும் மக்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி நினைக்கிறார்கள் என்று படித்தேன். கை தட்டினார்கள். முடியும் நேரத்தில் பின்வரிசையிலிருந்து வளர்மதி எழுந்தாள். "நாங்க சொன்ன குழி எங்கம்மா?" என்று கேட்டாள். மைக் என் கையில் இருந்தது. "நேரமாயிடுச்சுங்க, அப்பறம் பேசுவோம்" என்று மைக்கை அணைத்தேன். அவள் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்துவிட்டு உட்கார்ந்தாள்.

ஐப்பசி மழையில் கரை சரிந்தது. துணிமூட்டையோடு போனவள் திரும்பி வரவில்லை.

நாம் போனபோது எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். அவள் கணவர் நம்மை அடையாளம் கண்டுகொண்டார். "எழுதிட்டுப் போனீங்களேம்மா. எம்பொண்டாட்டி சொல்லச் சொல்ல எழுதுனீங்களே. கூட்டத்துல ஏன் படிக்கல? யாரு அத வேணாம்னது?"

நீ ஓர் அடி முன்னால் போனாய்.

"நான்தாங்க. நான்தான் விட்டுட்டேன்."

அவர் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி உன்மேல் தூற்றினார். நீ முகத்தைக்கூடத் திருப்பவில்லை. "நீ நல்லாருக்க மாட்டே" என்று அவர் கத்தியது இப்போதும் பகலில், பஸ்ஸில், சோறு தின்னும்போது எனக்குக் கேட்கிறது. உன் தலைமுடியிலிருந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே பஸ் ஸ்டாப் வரை வந்தேன்.

"ஏண்டி அப்படிச் சொன்னே?"

"சென்னையில யாரோ வேணாம்னாங்கன்னு அந்த மனுசங்கிட்ட எப்படிடி சொல்றது? அவர் கண்ணு முன்னால நிக்கறது நாமதானே."

அந்த பஸ்ஸில் சொல்லியிருக்கலாம். அரியலூர் வரை நேரம் இருந்தது.

பிறகு உனக்குக் கல்யாணமாகி அரும்பாவூர் போனாய். பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அட்டை வந்தது. மூன்று வருஷம் கழித்துச் சிறுநீரகம் கெட்டுவிட்டதென்று தெரிந்து, திருச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன். முகமெல்லாம் ஊதிப்போயிருந்தாய். வேண்டுமட்டும் பேசினோம், சிரித்தோம். கிளம்பும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய்.

"சென்னைக்காரங்க ஏண்டி அத வேணாம்னாங்க? இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல."

"தெரியலடி" என்றேன். இரண்டாவது தடவையும் அதே சொல். அடுத்த வாரம் நீ இல்லை.

அந்தக் கட்டை எடுத்த மறுநாளே நான் அந்த ஊருக்குப் போனேன். வளர்மதியின் கணவர் வீட்டு வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஜீப்பில் இருந்தவரின் ஆள் வந்தது, நான் பொய் சொன்னது, உனக்கு எதுவுமே தெரியாதது. கோபப்படுவார் என்று நினைத்தேன். மண்ணை வாரினால் நகராமல் நிற்க வேண்டும் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருந்தேன்.

அவர் தழையைக் கீழே வைத்தார்.

"அப்ப அந்தப் பொண்ணு? அது நல்லாருக்குல்ல?"

என்னால் பொய் சொல்ல முடிந்திருக்கும். நல்ல பழக்கம் இருக்கிறதே. ஆனால், "இல்லீங்க. இறந்து ரெண்டு வருஷமாகப் போவுது" என்றேன்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். விரித்த உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நான் வாயால சொன்னேனேம்மா" என்றார். "ஒண்ணும் தெரியாத புள்ளைய." நோயினால்தான் போனாள், உங்களால் இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அது அவர் காதில் ஏறவில்லை. அவர் மனைவியை இழக்க நான் ஒரு காரணம். இப்போது தூக்கத்தையும் பறித்துவிட்டேன். என் பாரத்தை இறக்கிவைக்கப் போய், அவர் தலையில் ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன்.

கிளம்பும்போது குழியின் பக்கம் பார்த்தேன். வேலி இல்லை. படி இல்லை. என்னை அறியாமல், "போன தேர்தலுக்கு யாரும் வந்து கேக்கலீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"வந்தாங்களே. ஒங்கள மாதிரியே ரெண்டு பேர், பேப்பரோட. என்ன வேணும்னாங்க. ரோடுன்னேன்."

"குழியைப் பத்திச் சொல்லலீங்களா?"

"இல்லம்மா. அது பேப்பர்ல இருக்காது. ரோடுதான் இருக்கும். எதுக்கு அவங்களக் கஷ்டப்படுத்தணும்?"

அவர் குரலில் கசப்பு இல்லை. உண்மையாகவே அந்த இரண்டு பேருக்காக யோசித்துப் பேசினார். அந்தத் தேர்தலில் வேட்பாளர்கள் ரோடு போடுகிறேன் என்றார்கள். ஊரும் ரோடு வேண்டும் என்றது. எங்கோ ஒரு கூட்டத்தில் இரண்டையும் ஒன்றாகப் படித்துக் கை தட்டியிருப்பார்கள்.

வளர்மதி கேட்டது என் காதில் விழுந்தது. நான் மைக்கை அணைத்தேன். அதை உன்னிடம் சொல்லியிருந்தால் நீ என்னைத் திட்டியிருப்பாய், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாய், மூன்றாம் நாள் முதல் பஸ்ஸில் வந்திருப்பாய். அந்த மூன்று நாளுக்குப் பயந்துதான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். தன் தெரு முனையில் இருக்கிற குழியைச் சொல்லக் கூடாது என்று ஒரு மனிதருக்கு நான் கற்றுக்கொடுத்துவிட்டேன், தோழி. அவர் அதை நன்றாகக் கற்றுக்கொண்டார்.