காதால் வாசித்த பாடம்

ஜூன் 9, திங்கள்

எங்கள் முதியோர் கல்வி மாலை வகுப்புக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். ஆசிரியர் படிப்பு படிக்கிறாளாம். நாலு வாரம் எங்களை வைத்துத்தான் அவளுக்குப் பயிற்சி. ஏற்கெனவே ஒரு டீச்சர் இருப்பதால் அவர் பெரிய டீச்சர், இவள் சின்ன டீச்சர் என்று ஆகிவிட்டது.

வகுப்பில் இருப்பது பகலில் குழந்தைகள் உட்காரும் பெஞ்சு. என் முழங்கால் மேசைக்கு அடியில் நுழைவதில்லை, ஒருக்களித்துத்தான் உட்காருகிறேன். முன்னால் தையல்காரி, பின்னால் லாரி டிரைவர்.

சின்ன டீச்சருக்கு அமைதி ஆகாது. யாராவது ஒரு சொல்லில் தயங்கினால் போதும், அவளே சொல்லிவிடுகிறாள்.

"எல்லாத்தையும் நீங்களே வாசிச்சிட்டா நாங்க வீட்டுக்குப் போய்ச் சோறாக்கலாமே டீச்சர்" என்றாள் தையல்காரி. எல்லோரும் சிரித்தோம். சின்ன டீச்சரும் சிரித்தாள். காது மட்டும் சிவந்துவிட்டது.

நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். எனக்குக் கை நடுக்கம்.

ஜூன் 11, புதன்

இன்று மழையில் மாட்டிக்கொண்ட தபால்காரர் கதை. சின்ன டீச்சர் ஒரு தடவை வாசித்துவிட்டு என்னை எழுப்பினாள். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு சொல் பிசகாமல் கொட்டிவிட்டேன்.

"தாத்தா, பிரமாதம்!" என்று கை தட்டினாள்.

இந்த இடத்தில் மருமகள் பேனாவை நிறுத்திவிட்டாள். "மாமா, உங்களுக்கு இவ்வளவு நல்லா வாசிக்க வருமா?"

வராது. எழுது. கை நடுக்கமும் இல்லை, அதையும் எழுது. பார்சல் கிடங்கில் மூட்டை தூக்கிய காலத்தில் விலாசத்தை ஒரு தடவை காதில் வாங்கினால் போதும், சரக்கு போகிற இடத்துக்குச் சரியாகப் போய்விடும். அந்தக் காது இன்னும் என்னை விடவில்லை. யாராவது ஒரு தடவை வாசித்தால் அப்படியே திருப்பிச் சொல்லிவிடுவேன். தாளில் எது எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியாது.

"நிஜமா இதையும் எழுதணுமா மாமா?"

எழுதும்மா.

ஜூன் 13, வெள்ளி

பெரிய டீச்சர் வாசலில் என்னை நிறுத்தினார். "இந்தப் பொண்ணு போன வருஷம் இதே பயிற்சியில ஃபெயில். இந்தத் தடவையும் போச்சுன்னா வீட்ல படிப்பை நிறுத்திடுவாங்களாம். ஜூலை நாலாம் தேதி காலேஜ் மேடம் வந்து பின்னாடி உக்காந்து மார்க் போடுவாங்க. உங்களைத்தான் மலை மாதிரி நம்பியிருக்கா."

என்னையா? வீடு வந்து சேரும்வரை காலில் செருப்பு இருந்ததா என்றே தெரியவில்லை.

ஜூன் 18, புதன்

அகப்பட்டுக்கொண்டேன்.

அச்சடித்த தாள்களைக் கொடுத்தாள். அவசரத்தில் என் கைக்கு மட்டும் பழைய பாடத்தின் தாள் வந்துவிட்டது. அது எனக்கு எப்படித் தெரியும்? அவள் புதுப் பாடத்தை வாசித்தாள், என்னை எழுப்பினாள். நான் தாளைப் பார்த்தபடி புதுப் பாடத்தை ஒப்பித்துக்கொண்டே போகிறேன். பக்கத்தில் வந்து நின்றவள் என் தாளை எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. என் வாய் நின்றபாடில்லை.

"சரி தாத்தா, உக்காருங்க." அவ்வளவுதான். யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "எத்தனை நாளா தாத்தா?"

"முதல்லேர்ந்தே."

"நான்தான் உங்களுக்குக் கத்துக் குடுத்தேன்னு எங்கம்மாகிட்ட அப்படிப் பீத்திக்கிட்டேனே..." கண் நிறைந்துவிட்டது.

எனக்குத் தாங்கவில்லை. "விடு தாயி. யாருக்குத் தெரியப்போவுது? அந்த மேடம் வர்ற அன்னிக்கு நீ ஒரு தடவ வாசி. நான் பொளந்து கட்டிடறேன். நீ பாஸு."

வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சாக்பீஸை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

ஜூன் 23, திங்கள்

இனிமேல் அவள் முதலில் வாசிக்கப்போவதில்லையாம். கிடங்கைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாள், சொன்னேன். பெரிய எழுத்தில் எழுதினாள். எழுதி முடித்ததும் கத்தரிக்கோலால் சொல் சொல்லாக வெட்டி, கலைத்து, மேசைமேல் பரப்பினாள்.

"எல்லாம் நீங்க சொன்னதுதான். இதுல மூட்டை எது தாத்தா?"

என் வாயிலிருந்து வந்த சொற்கள்தானே? ஒன்றுக்கும் என்னைத் தெரியவில்லை. ஒன்றை எடுத்து நீட்டினேன். அது 'வாசல்'. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இந்த வயசுல எனக்கு இந்தக் கண்றாவி தேவையா?" எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

போகவில்லை.

ஜூன் 25, புதன்

இன்றும் போகவில்லை. சின்ன டீச்சரே வீடு தேடி வந்துவிட்டாள். வாசற்படியிலேயே நின்றாள்.

"எல்லார் முன்னாடியும் உங்களைக் கேட்டது என் தப்பு தாத்தா. நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வாங்க. நாம ரெண்டு பேர் மட்டும்."

"உனக்கு மார்க் வேணாமா?"

"வேணும். ரொம்ப வேணும்."

படியிறங்கிப் போனாள். மருமகள் பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். "நாளைக்குப் போகலைன்னா இந்த நோட்டுல இனிமே ஒரு வரி எழுத மாட்டேன்."

ஜூலை 1, செவ்வாய்

'மூட்டை'யைக் கண்டுபிடித்துவிட்டேன். 'கதவு', 'ஏணி' இரண்டும் கூட.

நான் திணறும்போது சின்ன டீச்சர் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். உதடு அசைகிறது, சத்தம் வருவதில்லை. இப்போது எல்லோருக்கும் அப்படித்தான் நிற்கிறாள்.

"டீச்சர் வாயைத் தச்சது யாரு? நான் தைக்கலையே!" என்கிறாள் தையல்காரி.

ஜூலை 4, வெள்ளி

மேடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். சின்ன டீச்சர் தாள்களைக் கொடுத்தாள். புதுப் பாடம்; யாரும் பார்த்ததில்லை. நான் கண்ணைக் காட்டினேன் — நீ முதலில் வாசி, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அவளுக்குப் புரிந்தது. என்னையே பார்த்தாள்.

"முதல் வரி... தாத்தா, நீங்க வாசிங்க."

அடிப்பாவி!

'கடைக்காரர்' வந்தது. 'கதவை' வந்தது. அடுத்தது வரவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று ஓடுகிறது. மேடத்தின் பேனா நின்றுவிட்டது. லாரி டிரைவர் சொல்லிக்கொடுக்க வாயைத் திறந்தார். அவள் உள்ளங்கையை உயர்த்தித் தடுத்தாள். இப்போது சொல்லிவிடுவாள், இப்போது சொல்லிவிடுவாள் என்று அவள் முகத்தைப் பார்க்கிறேன். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. சொல்லவில்லை. நின்றாள்.

"தி... தின்..." இல்லை. மறுபடி. "திற... திறந்தார்."

கடைக்காரர் கதவைத் திறந்தார். இந்த ஒரு வரிக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மணி அடித்தபோது பாடம் பாதிகூட முடியவில்லை. மேடம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"கெடுத்துட்டேனேம்மா" என்றேன்.

"பாதிகூட முடிக்கலை தாத்தா" என்றாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

ஜூலை 5, சனி

சோறு இறங்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

அடுப்பில் பாலை வைத்துவிட்டு மருமகள் போனை எடுத்துப் பார்த்தாள். "சின்ன டீச்சர்கிட்டேர்ந்து வந்திருக்கு."

"என்ன போட்டிருக்கு? படி சீக்கிரம்."

மனசுக்குள் படித்தாள். பிறகு எதையும் முகத்தில் காட்டாமல் போனை என் பக்கம் நீட்டினாள்.

"விளையாடாதே. பாஸா, ஃபெயிலா?"

போனை என் கையில் வைத்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

போனைத் தூரத்தில் பிடித்தேன், கிட்டத்தில் பிடித்தேன். முதல் சொல் 'தாத்தா'. அது தெரிந்துவிட்டது. அடுத்தது நீளமாக இருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். "தே..." என்றேன். "தேறி..."

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. தீய்ந்த வாடை வந்தது. அவள் திரும்பவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேறிட்டேன்" என்று நான் சொன்ன பிறகுதான் அடுப்பை அணைக்க ஓடினாள்.