கோழினி

மச்சான்,

இன்று பின்னேரம் கரண்ட் வந்த கையோடு பக்கத்து வீட்டு ரேடியோவுக்குள் கசெட் நாடா சிக்கி, பாட்டு நின்று, கீச்சென்ற கத்தல் மட்டும் கேட்டது. சாப்பிட்ட கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போய் அவர்களின் வயரைப் பிடுங்கிவிட்டேன். "என்ன மனே, பேயைக் கண்டியோ?" என்று அந்த வீட்டு மாமி கேட்டார். "இல்ல மாமி, நீங்க பாடுறீங்க எண்டு நினைச்சிட்டன்" என்றேன். அவர் அடிக்க ஓங்கிய கையோடு சிரித்தார்.  அந்தச் சத்தத்துக்கு நான் ஏன் ஓடுகிறேன் என்று உனக்கு மட்டும்தான் சொல்லத் தேவையில்லை.

கொழும்புப் பிள்ளைகள் இன்டர்நெட் பார்க்கத் தொடங்கிய காலத்தில் தன்னாமுனையில் நாம் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரைச் சாக்கில் கட்டித் தூக்கிவந்தோம். பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூமைத் துப்புரவாக்கும்போது எறியச் சொன்ன சாமான். விசைப்பலகைக்குள்ளேயே மூளையும் இருந்தது. முகம் மட்டும் இல்லை, அதற்கு உங்கள் வீட்டு ரீவியைக் கொடுத்தோம். கரண்ட் போனால் போதும், தான் யார் என்பதே அதற்கு மறந்துவிடும். கட்டளைகளைச் சத்தமாகப் பதிந்த கசெட்டைத் திரும்பப் போட்டு, அந்தக் கீச்சு முழுவதையும் கேட்க வைத்தால்தான் என்ன வேலை செய்ய வேண்டும் என்று ஞாபகம் வரும்.

"கணக்குப் பாடத்தில என்னைப் போல" என்றேன்.

"உனக்குக் கசெட் போட்டாலும் ஏறாதுடா."

வேறு யாராவது என்றால் அதில் விளையாடியிருப்பார்கள். உன் அம்மா கோழிக்குஞ்சு விற்றுத்தான் உங்கள் அடுப்பு எரிந்தது. நீ ஒரு தேயிலைப் பெட்டிக்குள் முட்டைகளை அடுக்கி, மேலே பல்பைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு நேரம் எரிய வேண்டும், எவ்வளவு நேரம் அணைய வேண்டும் என்று அந்த மெஷினுக்கு எழுதிக் கொடுத்தாய். தெர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்து நேரத்தைத் திருத்தினாய். முட்டை புரட்டுவது என் உத்தியோகம். கணினியைக் 'கோழினி' ஆக்கியதும் நான்தான். கருவைக் காப்பதால்தான் அதற்குக் கருவி என்று பெயர் என்று விளக்கம் வேறு சொன்னேன். முதல் குஞ்சுகள் பொரித்த அன்று உன் அம்மா ஒன்றைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "இந்தக் கிழடு பரவாயில்லையே மனே" என்றார். "பழசை எறியிறவனுக்கு அதுக்கு வேலை குடுக்கத் தெரியாது, அவ்வளவுதான்" என்றாய் நீ.

அந்த மாதங்களில் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. வரும்போதெல்லாம் கசெட் கத்த வேண்டும். ரெக்கோடரைத் தலையணைக்குள் பொத்தினாலும் சத்தம் சந்தியில் இருந்த ஆமியின் காவல் சென்றி வரைக்கும் போயிருக்கிறது. ஒருநாள் பாதிக் கீச்சில் வாசல் படலை உதைபட்டது. ஆமிக்காரர் ஐந்தாறு பேர். முன்னால் வந்தவன் துவக்கை உன் நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தான்.

"சிக்னல் யாருக்கு அனுப்புறது? காட்டில இருக்கிற ஆளுங்களுக்கா?"

"முட்டைக்கு, மாத்தயா" என்றாய்.

பல்ப், வயர், பெட்டி, 'டக்' என்று தானே விழும் சுவிட்ச். அவன் கண்ணால் பார்த்தபோதுதான் அது நேரம் வைத்த குண்டு போலத் தெரியும் என்று எனக்கும் விளங்கியது. எனக்குத் தெரிந்த ஒரேயொரு சிங்களச் சொல் முட்டைக்கானதுதான், அதைக் கத்தினேன்: "பித்தர! பித்தர!" அவன் துவக்கு முனையால் பெட்டி மூடியைத் தள்ளினான். முட்டைகள். பிறகு பின்னால் நின்றவன் ஒருவன் சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். "எப்ப குஞ்சு வரும்?" என்று கேட்டு, சொன்ன நாளில் பார்க்கவும் வந்தார்கள்.

சென்றியைக் கடந்து போனவர் வந்தவருக்கெல்லாம் அவர்கள் அந்தப் பகிடியைச் சொன்னார்கள். ஏறாவூர்ச் சந்தையிலும் நம் கதைதான். எனக்கு ஒரே புழுகம், பெருமை. நீ மட்டும் சிரிக்கவில்லை.

"துவக்கு நீட்டேக்க வந்த பயத்தை விட இப்பதான்டா பயமா கிடக்கு. நேரம் வச்சுப் பல்பு எரிய வைக்கிற கை, வேற என்னத்தையும் எரிய வைக்கும் எண்டு யோசிப்பாங்க. எல்லாப் பக்கமும் யோசிப்பாங்க."

உன் அம்மா உன்னைக் கொழும்புக்கு அனுப்ப ஆள் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்குள் ஒரு காலை மோட்டார் சைக்கிளில் இருவர் வந்தார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று கேட்க ஒருவருக்கும் வாய் எழவில்லை. மரியாதையாகத்தான் பேசினார்கள்.

"முட்டை பொரிக்கிற தம்பி நீங்கதானே? ஒரு சின்ன வேலை. பின்னேரம் கொண்டுவந்து விடுறம்."

மெஷினையும் உரப்பையில் போட்டுக் கட்டினார்கள். ஒருவன் முட்டையும் கையுமாக நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தான். "இவருக்கும் இந்த வேலை தெரியுமோ?"

நான் வாய் திறக்க முந்தி நீ சொன்னாய்: "இவனா அண்ணே? இவனுக்கு முட்டை அவிக்கவும் தெரியாது. பகிடிக்கு வச்சிருக்கிறம்."

அவர்கள் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். நீ செருப்பைப் போட்டுக்கொண்டு, "புரட்ட மறந்திடாத" என்று சொல்லிவிட்டு நடுவில் ஏறி உட்கார்ந்தாய். அந்தப் பின்னேரம் இன்னும் வரவில்லை, மச்சான்.

பெட்டிக்குள் குப்பிவிளக்கு வைத்து, புரட்டிப் புரட்டி, பாதி முட்டைதான் பொரித்தது. அந்தக் குஞ்சுகளில் ஒன்றையும் உன் அம்மா விற்கவில்லை. கார்த்திகையில் கோயில் பூசையில் பாதர் இறந்தவர்களின் பெயர் வாசிப்பாரே, உன் பெயரைக் கொடுக்கவும் அவர் சம்மதிக்கவில்லை. நான்தான் களவாக இப்படி உனக்கு எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அடுப்பில் போட்டுவிடுவேன்.

போன கிழமை பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. "ஆருக்காவது இது தெரியுமா?" என்று சேர் கேட்டார். நான் விசைப்பலகையைத் தலைகீழாகப் பிடித்து ஆர்மோனியம் வாசித்துக் காட்டினேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. "நீ உருப்பட மாட்டாய்" என்றார் சேர்.

அந்த மெஷினுக்கு நீ எழுதியது முழுவதும் எனக்கு மனப்பாடம், மச்சான். ஒரு வரி பிசகாது. சென்றியைக் கடக்கும்போது உதடு அசையாமல் அதை முதலில் இருந்து சொல்லிப் பார்ப்பேன். யாராவது என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தால், உடனே ஒரு பகிடி விடுகிறேன்.