பிச்சாட்டூரில் விசாரித்தது

ஜூன் 3, 2024. புத்தூர்
தரணிக்கு இன்று இரண்டு தடவை வலிப்பு. மூன்று வயதாகியும் பேத்திக்கு இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. மருமகள் ரூபா பதறாமல் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பழக்கம் எங்கிருந்து வந்தது?

ஜூன் 5
எங்கள் பக்கத்தில் யாருக்கும் வலிப்பு கிடையாது. அண்ணன் போனில் குத்தினார்: "என் பொண்ண உட்டுட்டு வெளியில எடுத்தியே, விசாரிச்சியா?"
இல்லை. மகன் திலீப் விரும்பினான், சரியென்றேன்.

ஜூன் 9
திருப்பதி டாக்டர் தரணி, திலீப், ரூபா மூவரின் ரத்தத்தையும் மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். ஊசி குத்தும்போது ரூபா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வலியா, பயமா?
ஒருக்களித்துப் படுக்கவைக்க நர்ஸ் சொல்லிக்கொடுத்தாராம். இருக்கலாம்.

ஜூன் 14
பென்ஷன் வேலை என்று பொய் சொல்லிவிட்டு, ரூபா பிறந்த பிச்சாட்டூருக்குப் பஸ் ஏறினேன். டீக்கடையில், பெண் எடுக்க வந்தவள்போல, அந்த வீட்டில் யாருக்காவது வலிப்பு உண்டா என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முன் எல்லோரும் செய்வது. நான் ஆறு வருடம் கழித்துச் செய்கிறேன். கடைக்காரர் யோசித்துவிட்டு இல்லை என்றார்.
எதற்கு யோசித்தார்?

ஜூலை 20
ரூபாவின் தங்கை மனோரமாவுக்குத் திருச்சானூரில் நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றுவிட்டது. கண்ணாடி போட்ட ஒரு அம்மா வலிப்பு பற்றி விசாரித்துப் போனது மாப்பிள்ளை வீடுவரை எட்டியிருக்கிறது. இதைச் சொல்லும்போது ரூபா என் முகத்தையே பார்த்தாள்.

ஜூலை 27
சோதனை முடிவு வந்தது. தரணிக்கு பிபிபி3சிஏ என்ற மரபணுவில் மாற்றம். கால்சினியூரின் என்ற என்சைமின் ஒரு பகுதியை உண்டாக்குவது அது. செல்லுக்குள் கால்சியம் ஏறியதும் அந்த என்சைம் மற்ற புரதங்களில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டைக் கழற்றவேண்டும். நான் பாடம் நடத்திய பள்ளிக்கூடத்தில் மணி அடித்ததும் வாட்ச்மேன் கேட்டைத் திறப்பதுபோல. தரணிக்கு மணி அடிக்கிறது, கேட் சரியாகத் திறப்பதில்லை.
திலீப்பிடம் அந்த மாற்றம் இல்லை. ரூபாவிடமும் இல்லை. குழந்தையிடம் புதிதாக நேர்ந்ததாம். டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டேன். ரூபா பக்கத்தில் இல்லாவிட்டால் மூன்றாவது தடவையும் கேட்டிருப்பேன்.

ஆகஸ்ட் 2
பிச்சாட்டூர் போனது நான்தான் என்று ரூபாவிடம் சொன்னேன். "தெரியும் அத்தே" என்றாள். அவ்வளவுதான்.
சோதனைக் காகிதத்தோடு திருச்சானூர் போனேன். மாப்பிள்ளையின் அப்பா நாகபூஷணம் மரியாதையாக உட்காரவைத்தார். விசாரித்தது நான்தான் என்று சொல்லிவிட்டு, மணி, கேட் எல்லாம் சொன்னேன். முழுசாகக் கேட்டுக்கொண்டார்.
"அவங்க வூட்ல இல்லன்னா, நீங்க எதுக்கு டீச்சர் அவ்ளோ தூரம் போய் விசாரிச்சிக்கினு இருந்தீங்க?"
"சந்தேகம்" என்றேன்.
"எங்களுக்கும் அதாம்மா" என்றார்.