‘ங்க’ போடாத பதில்

சனி, இரவு.

அவிநாசியில் கல்லூரிப் பெண்கள் கபடி இறுதிப் போட்டி. என் ஆட்டக்காரி கவிதா, தலை தரையில் மோத விழுந்தாள்.

“ஆடுவியா அம்மணி?” என்று கேட்டேன்.

“ஆடுவேன், விடு” என்றாள்.

கேப்டன் ரேவதி உடனே அவளை வெளியே கூட்டிவந்துவிட்டாள். “மேடம், உங்ககிட்ட ‘ங்க’ போடாம பேசற புள்ளையாங்க அவ? தலையில என்னமோ ஆயிப்போச்சுங்க.”

ஒரு புள்ளியில் தோற்றோம்.

கோவை மருத்துவமனையில் எடுத்த ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. மூளை அடிபட்டால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம் மட்டும் கூடியிருந்தது. “இன்னொரு அடி பட்டிருந்தா...” என்று டாக்டர் நிறுத்திக்கொண்டார். அந்தப் பரிசோதனைக்கு முன்பே ரேவதியின் காதுக்குத் தெரிந்திருக்கிறது. என்ன பெண் அவள்.

நான் கிளம்பும்போது கவிதா கண் விழித்தாள்.

“ஜெயிச்சமாங்க மேடம்?”

ஆமாம் கண்ணு என்றேன்.