நாங்க சாப்பிட்டாச்சு

ஜூலை 3

முதலாண்டு வகுப்பு ஆரம்பம். மானிடவியல் என்றால் என்ன என்று கேட்டேன். "மனுசங்களப் பத்திப் படிக்கிறது மேடம்" என்றான் ஒருவன். அதற்கு மேல் நானும் பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. நான்கு கிளை: உடல், மொழி, தொல்லியல், பண்பாடு. எலும்பைப் பார்ப்பது, பேச்சைப் பார்ப்பது, மனிதர்கள் விட்டுப்போன பொருளைப் பார்ப்பது, உறவையும் வழக்கத்தையும் பார்ப்பது. "இதப் படிச்சா வேலை கிடைக்குமா?" என்று கடைசி பெஞ்சில் ஒரு குரல். எனக்குக் கிடைத்திருக்கிறதே என்றேன். ஒருத்தரும் நம்பின மாதிரி தெரியவில்லை.

ஜூலை 9

இன்று பிளாஸ்டிக் எலும்புகள். முறிந்து கூடின இடம் பல வருடம் கழித்தும் தடித்துத் தெரியும் என்று காட்டினேன். வெளியூரில் வேலை பார்க்கும் வீட்டுக்காரருக்கு ராத்திரி போனில் இதைச் சொன்னேன். "நீ எலும்புக்கூட்டோடயே குடும்பம் நடத்து" என்றார். சிரித்தேன். மாதம் ஒருமுறை வருகிற மனுஷனோடு வேறு என்ன பேசிச் சிரிப்பது? மகள் மட்டும் புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை.

ஜூலை 17

சாப்பிட்டீங்களா என்று போனில் கேட்டேன். "நாங்க சாப்பிட்டாச்சு" என்றார்.

நாங்க?

தனி ரூம், தானே சமையல் — அப்படித்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார்?

ஜூலை 18

சொல்லி வைத்தாற்போல் இன்றைக்கு மொழிக் கிளை. கரும்பலகையில் இரண்டே சொல் எழுதினேன். நாம், நாங்கள். பல மொழிகளில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். நம் மொழியில் கேட்பவரைச் சேர்த்துக்கொள்கிறோமா, வெளியே நிறுத்துகிறோமா என்று முடிவு செய்யாமல் வாயைத் திறக்க முடியாது. கை சும்மா இருக்கிறதா? கீழே அவர் சொன்னதையே எழுதிவிட்டேன். "ஒருத்தர் மனைவிகிட்ட போன்ல சொல்றார். என்ன தெரியுது?"

முன்வரிசைப் பெண் யோசிக்கவே இல்லை. "அவர்கூட யாரோ இருக்காங்க மேடம். மனைவிதான் சேர்த்தி இல்ல."

வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், பாவி.

ஜூலை 20

யாரு அந்த 'நாங்க' என்று மட்டும்தான் கேட்டேன். "இங்க பொம்பளைங்க யாரும் இல்ல!" என்றார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை.

ஜூலை 28

வந்திருக்கிறார். துவைக்கப் போட்ட நீலச் சட்டையில் மேல் பட்டன் இருக்கிறது. போன தடவை அது இல்லை. நான்தான் தைக்க மறந்து அனுப்பினேன். இவருக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது. இதுவோ சின்னச் சின்னத் தையல், முடிச்சு வெளியே தெரியாமல். தொல்லியல் பாடம் இன்னும் நடத்தவில்லை, அதற்குள் தோண்டியாகிவிட்டது. என்னைவிட நன்றாகத் தைக்கிறாள்.

ஜூலை 29

சட்டையை முன்னால் போட்டேன். பட்டனை விரலால் தடவிப் பார்த்தார். "உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார். தெரியலயாம்! அதான் போன்ல அவ்ளோ அழகா சொன்னியேய்யா, ஒரே வார்த்தையில. கிளம்பிப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 6

பண்பாட்டுக் கிளை. உறவுமுறைப் படம் வரையக் கற்றுக்கொடுத்தேன். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு. அந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டினால் பிரிவு. "அந்தப் பக்கம் இன்னொரு வட்டம் வந்தா மேடம்?" என்றான் கடைசி பெஞ்ச். "இன்னொரு கோடு போடு" என்றேன்.

ஆகஸ்ட் 24

சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். ஒன்றுமே நடக்காதது போல் கை கழுவிக்கொண்டு வந்து, தன் பழைய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பசிக்குது. நாம சாப்பிடலாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொல்லிவிட்டாள். "நாங்க சாப்பிட்டாச்சுப்பா."

அவளிடம் நான் எதுவும் சொன்னதில்லை. அவர் அதைச் சொன்ன அன்றைக்கு என் போன் ஸ்பீக்கரில் இருந்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அடுப்பில் உலை கொதிக்கிற சத்தம் மூன்று பேருக்குமே கேட்டது.